நம் ஊர் ஆறுகளின் பழைய ரயில் பாலங்கள்: ஒரு புகைப்படத்தில் என்ன இருக்கிறது?

மயிலாடுதுறையில் ரயிலேறி திருவாரூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாகப் பட்டுக்கோட்டை வரை மீட்டர் கேஜ் காலத்தில் போனவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். வண்டி கொஞ்ச தூரம் வயலுக்கு நடுவே ஓடும். திடீரென்று சக்கரத்தின் சத்தம் மாறும். எட்டிப் பார்த்தால் கீழே தண்ணீர், இரும்புக் கர்டர், அதைத் தாங்கும் செங்கல் தூண். அரை நிமிடம் கழிந்தால் மறுபடி வயல். சிறிது நேரத்தில் இன்னொரு பாலம் வந்துவிடும்.

அந்தப் பாலங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. மயிலாடுதுறை முதல் திருவாரூர் வரை 2012-ல் அகலப் பாதை வந்தது. திருவாரூருக்குத் தெற்கே மீட்டர் கேஜ் வண்டிகள் அதே 2012-ல் நின்றன. காரைக்குடி–பட்டுக்கோட்டை பகுதி 2018-லும், பட்டுக்கோட்டை–திருவாரூர் பகுதி 2019-லும் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கர்டர்கள் கழற்றப்பட்டு, புதுப் பாலங்கள் எழும்பின. ரயில் திரும்ப வந்ததில் நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் நூறாண்டுக்கு மேல் நின்ற பாலங்கள் எப்படி இருந்தன என்பதற்கு இப்போது மிஞ்சியிருக்கும் சாட்சி புகைப்படங்கள் மட்டுமே. அவற்றில் கணிசமான பங்கு நம் வீட்டு பீரோக்களில், கல்யாண ஆல்பங்களுக்கு அடியில், பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பழைய கடிதக் கட்டுகளோடு கிடக்கிறது என்பது என் எண்ணம்.

பழைய பாலத்தின் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கலாம். அழகுக்காகப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். டெல்டாவில் வாழும் நமக்கு அதில் வேறொரு பயன் இருக்கிறது. அந்தப் படம் ஆற்றின் அளவைச் சொல்கிறது. எந்த ஆறு எவ்வளவு அகலமாக ஓடியது, வெள்ளம் போக எத்தனை கண் விடப்பட்டது, கரை எங்கே இருந்தது என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கிறது.

இது புரிய, நம் பகுதியின் வரைபடத்தை ஒரு முறை மனக்கண்ணில் விரிக்க வேண்டும். கல்லணையில் பிரியும் காவிரியும் வெண்ணாறும் மேலும் மேலும் கிளைகளாகப் பிரிந்து கிழக்கே கடலை நோக்கி ஓடுகின்றன. முதலில் போடப்பட்ட ரயில் பாதை நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லும், திருச்சிக்கு 1862-லும் வந்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி போட்டது. அது கிழக்கு மேற்காக, அதாவது பெரும்பாலும் ஆறுகளுக்குப் பக்கவாட்டில் ஓடும் பாதை. ஆற்றோடு அதற்கு அவ்வளவு சண்டை இல்லை.

மயிலாடுதுறை–முத்துப்பேட்டை பாதை அப்படியல்ல. 1894-ல் திறக்கப்பட்ட அந்தப் பாதை வடக்கு தெற்காகப் போகிறது. கடலுக்கு ஓடும் கிளையாறு ஒவ்வொன்றையும் அது குறுக்கே வெட்டியாக வேண்டும். அரசலாறு, திருமலைராஜன் ஆறு, வெட்டாறு, ஓடம்போக்கியாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, முள்ளியாறு, முத்துப்பேட்டைப் பக்கம் கோரையாறு, பாமணியாறு. இவை பெயருள்ள ஆறுகள் மட்டும். இவற்றுக்கு இடையே பாசன வாய்க்கால், வடிகால் வாய்க்கால் என்று எண்ணினால் கணக்கு முடியாது. சமதரையில் ரயில் பாதைக்காக மண்ணை உயர்த்திக் கரை போட்டால், அது மேற்கிலிருந்து வரும் தண்ணீருக்கு ஒரு நீண்ட அணை மாதிரி. அந்த அணையில் விடப்பட்ட வாசல்கள்தாம் பாலங்களும் மதகுகளும். வாசல் போதவில்லை என்றால் பாதைக்கு மேற்கே இருப்பவன் வயல் மூழ்கும்.

இந்தப் பாதைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இதை வெள்ளைக்காரக் கம்பெனி தன் மூலதனத்தில் போடவில்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலவரியோடு சேர்த்து ரயில்வேக்கென்று ஒரு வரி வசூலித்து, அந்தப் பணத்தில் போட்டது. வண்டி ஓட்டும் பொறுப்பு மட்டும் சவுத் இந்தியன் ரயில்வேயிடம். பாதை 1902-ல் பட்டுக்கோட்டைக்கும் 1903-ல் அறந்தாங்கிக்கும் நீண்டது. கிஸ்தி கட்டிய நம் பாட்டன் பூட்டன்மார் அந்தப் பாலங்களுக்கும் சேர்த்துத்தான் கட்டினார்கள்.

பேரளம்–காரைக்கால் பாதை 1898-ல் வந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலைப் பிரிட்டிஷ் பகுதியோடு இணைத்த பாதை அது. 1987-ல் மூடப்பட்டு, பல ஆண்டுகள் கழித்து அகலப் பாதையாக மீண்டும் போடப்பட்டது. நாகூருக்கு 1899-ல் ரயில் வந்தது. கந்தூரிக்குச் சிறப்பு ரயிலில் வந்து இறங்கிய தலைமுறைகள் அதன் பிறகு எத்தனையோ. தஞ்சாவூரிலிருந்து அய்யம்பேட்டை, பண்டாரவாடை, பாபநாசம், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை போகும் பாதை இவற்றுக்கெல்லாம் மூத்தது. அது 1877.

ஆற்று மணலில் அந்தக் காலத்தில் எப்படித் தூண் நிறுத்தினார்கள்? நம் ஊர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். உறைகிணறு இறக்குவது எல்லோரும் பார்த்திருப்போம். அதே வேலைதான், அளவுதான் பெரியது. ஆற்றுப்படுகையில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வட்டமான சுவர் எழுப்புவார்கள். உள்ளே இருக்கும் மணலைத் தோண்டி எடுக்க எடுக்க, சுவர் தன் பாரத்திலேயே கீழே இறங்கும். மேலே மறுபடி சுவர் கட்டுவார்கள், மறுபடி தோண்டுவார்கள். உறுதியான மண் கிடைத்த பிறகு உள்ளே காங்கிரீட்டையோ கல்லையோ போட்டு நிரப்பி, அதன் தலையில் பாலத்தூணைக் கட்டுவார்கள். மணல் ஆறுகளில் கிணற்று அடித்தளம் போடுவது ரயில் வருவதற்கு முன்பே சென்னை மாகாணத்தில் பழகிய கைவேலை. ஆர்தர் காட்டன் 1836-ல் கொள்ளிடத்தில் அணை கட்டியதும் இதே மணலில்தான். (அந்தக் காட்டன் ரயிலை விடக் கால்வாய்ப் போக்குவரத்தே இந்தியாவுக்கு நல்லது என்று வாதாடியவர். டெல்டாவைப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.)

இவ்வளவு வேலை நடந்திருக்கிறது, படம் ஏன் அதிகம் இல்லை?

முதல் காரணம், படம் எடுக்க வந்தவர்கள் பார்த்த திசை. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை அரசுக்காக 1858-ல் தஞ்சாவூர், திருச்சி, மதுரையைப் படமெடுத்தார். அருமையான படங்கள். மதுரையில் வைகையின் குறுக்கே போன தரைப்பாலத்தையும் எடுத்திருக்கிறார். ஆனால் அவர் தஞ்சைக்கு வந்தபோது ரயிலே வரவில்லை. பிறகு வந்த கேமராக்காரர்களுக்குக் கோயில், அரண்மனை, மலைக்கோட்டை போதுமானதாக இருந்தது. 1900-ல் வெளியான சவுத் இந்தியன் ரயில்வேயின் படத்தோடு கூடிய வழிகாட்டி நூல், மாயவரம்–முத்துப்பேட்டை, பேரளம்–காரைக்கால் பாதைகளைத் தலைப்பிலேயே சேர்த்துக்கொண்டது. ஆனாலும் அந்த வகை நூல்களின் நாட்டம் பயணி இறங்கிப் பார்க்கும் இடங்களில்தான். கடந்துபோகும் பாலத்தில் அல்ல.

பாம்பன் பாலத்தின் கதை வேறு. 1914-ல் திறந்த அன்றிலிருந்து அதைப் படமெடுக்காதவர் இல்லை. 1964 டிசம்பர் புயலில் அது சிதைந்து மீண்டு நின்றதும் படங்களாக இருக்கின்றன. கடல் மேல் நிற்கும் பாலத்துக்குக் கிடைத்த கவனம் அடப்பாற்றுப் பாலத்துக்குக் கிடைக்குமா?

இரண்டாவது காரணம் கட்டுப்பாடு. ரயில்வே பாலங்களைப் பாதுகாப்புக் காரணத்துக்காக முன்அனுமதி இல்லாமல் படமெடுக்கக் கூடாது என்ற நடைமுறை நீண்ட காலம் இருந்தது. முக்கியப் பாலங்களில் தடைப் பலகையே வைத்திருப்பார்கள். அதையும் மீறி நம்மிடம் படங்கள் இருக்கின்றன என்றால், அவை பாலத்துக்காக எடுத்தவை அல்ல. மலேசியாவிலிருந்து விடுமுறைக்கு வந்த சபுராளி, கொண்டுவந்த யாஷிகா கேமராவில் தம்பிகளை ஆற்றங்கரையில் நிற்க வைத்து எடுத்திருப்பார். ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றைப் படம் பிடித்திருப்பார். பின்னால் பாலம் தானாக வந்து விழுந்திருக்கும். அத்தா, சாச்சா, மாமா முகங்களை மட்டுமே பார்த்துப் பழகிய நாம் அந்தப் பின்னணியைக் கவனித்ததில்லை.

இனி அப்படி ஒரு படம் கையில் இருந்தால் எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

தண்டவாளத்திலிருந்து தொடங்கலாம். மீட்டர் கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி சரியாக 1 மீட்டர். அகலப் பாதையில் 1,676 மில்லிமீட்டர். ஆக, மீட்டர் கேஜ் பாலத்தின் படத்தில் ஒரு மீட்டர் அளவுகோல் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. தண்டவாளத்துக்கு அதே தூரத்தில் நிற்கும் ஆளின் உயரம், தூணின் கனம் எல்லாவற்றையும் அதைக் கொண்டு ஓரளவு மதிப்பிடலாம். கேமராவுக்கு அருகே இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரியும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

நாகப்பட்டினம்–திருச்சி பாதையில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. அது முதலில் போடப்பட்டபோது அகலப் பாதை. 1875-ல் மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். நூறாண்டுக்கு மேல் கழித்து மறுபடி அகலப் பாதையாக்கினார்கள். அந்தப் பாதையின் பழைய படத்தில் தூணின் தலை மேலே இருக்கும் தண்டவாளத்துக்குத் தேவையானதை விட மிக அகலமாகத் தெரிந்தால், அது 1860-களில் அகலப் பாதைக்காகக் கட்டிய தூணாக இருக்கலாமா என்று யோசிக்க இடமுண்டு.

அடுத்தது கண். ஐந்து கண் பாலம், ஏழு கண் பாலம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான். ரயில்வே கர்டர்கள் மனம்போன நீளத்தில் வருவதில்லை. 20 அடி, 30 அடி, 40 அடி, 60 அடி என்று வரையறுத்த அளவுகள். மெட்ரிக்கில் அதுவே 6.1, 9.15, 12.2, 18.3 மீட்டர். பாலத்தின் ஓரச் சுவரிலோ பக்கத்துப் பலகையிலோ பாலத்தின் எண்ணும், எத்தனை கண், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்பதும் பெயிண்டில் எழுதியிருக்கும். படத்தில் அது தெரிந்தால் புதையல் கிடைத்த மாதிரி. 5 × 12.2 என்று இருந்தால் ஆற்று வழி 61 மீட்டர். அளவு அடியில் எழுதியிருந்தால் படம் பழையது என்று கொள்ளலாம், ஏனென்றால் மெட்ரிக் முறை 1956-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் இந்தியாவில் படிப்படியாக வந்தது.

தூணில் வெள்ள மட்டக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயிண்ட் கோடு அழிந்திருந்தாலும், ஆண்டுக்கணக்கில் தண்ணீர் நின்ற உயரத்தில் செங்கல்லில் ஒரு கறை இருக்கும்.

தண்ணீரும் தேதி சொல்லும். மேட்டூர் அணை 1934-ல் வந்த பிறகு ஜூன் 12-ல் திறப்பதும் ஜனவரி 28-ல் மூடுவதும் வழக்கமான கணக்கு. ஆறு நிறைய ஓடினால் அந்த மாதங்களுக்குள் எடுத்த படம் என்று பெரும்பாலும் சொல்லலாம். மணல் தெரிந்தால் கோடை. தஞ்சை ஊருக்குள் ஓடும் புது ஆறு மேட்டூர்த் திட்டத்தோடு சேர்ந்து 1930-களில் வெட்டப்பட்டது. அதன் மேல் ரயில் போகும் படத்தைக் காட்டி 1910 என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். அதே போல எஞ்சினில் எஸ்.ஐ.ஆர். என்ற எழுத்து தெரிந்தால் அது சவுத் இந்தியன் ரயில்வே காலத்துப் பெட்டி. தெற்கு ரயில்வே 1951 ஏப்ரல் 14-ல் உருவானது. புதிய பெயர் எழுதும் வரை பழைய எழுத்து சில காலம் ஓடியிருக்கும் என்பதால் ஓரிரு ஆண்டு முன்பின் விட்டுச் சொல்வது நல்லது.

இந்த அளவெல்லாம் எதற்கு என்பதற்கு அரியலூரைச் சொன்னால் போதும். 1956 நவம்பர் 23 விடியற்காலை, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. கொள்ளிடத்தில் கலக்கும் சாதாரண ஆறு அது. மழை வெள்ளம் பாலத்தைப் பலவீனப்படுத்தியிருந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். தண்ணீருக்குள் சரிந்து கிடந்த பெட்டிகளின் படங்கள் அந்த விபத்தை இன்றும் நினைவுபடுத்துகின்றன.

வெள்ளம் பாலத்தை எப்படி வீழ்த்துகிறது? தண்ணீர் மோதி இரும்பை உடைப்பது அரிது. அகலமாக வந்த ஆறு பாலத்தின் கண்களுக்குள் நெருக்கிக்கொண்டு நுழையும்போது வேகம் கூடுகிறது. வேகம் கூடிய தண்ணீர் தூணைச் சுற்றியுள்ள மணலை அரித்து எடுக்கிறது. பக்கத்துக் கரை மண்ணும் கரைகிறது. மேலே தண்டவாளம் ஒழுங்காகத் தெரியும், கீழே தாங்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் பாலம் கட்டுபவர்கள் முதலில் கேட்பது, இந்த ஆறு அதிகபட்சம் எவ்வளவு தண்ணீர் கொண்டுவரும் என்று. 1894-ல் கட்டியவர்களும் கேட்டிருப்பார்கள். அவர்கள் கண்டுகொண்ட விடைதான் அத்தனை கண்கள்.

இன்று நம் கடைமடைப் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வயல் மூழ்குவதும், தண்ணீர் வடிய நாள்கணக்கில் ஆவதும் புதிய செய்தியல்ல. வடிகால் தூர்ந்துவிட்டது, ஆக்கிரமித்துவிட்டார்கள், வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டது என்று ஊர்க்கூட்டத்தில் சொல்கிறோம். எவ்வளவு அகலம் இருந்தது என்று அதிகாரி கேட்டால், பெரியவர் ஒருவர் கையை விரித்துக் காட்டுவார். அந்த இடத்தில் ஒரு பழைய படம் பேசும். எத்தனை கண், எவ்வளவு நீளம், தண்ணீர் எந்தக் கண் வரை ஓடியது என்று அதில் எண்ணிவிடலாம். வருவாய்த் துறையின் நில அளவைப் படத்துக்கு அது மாற்றாகாது. அந்த ஆவணத்தோடு வைத்துக் காட்டினால் பலம். பாலத்தில் நான்கு கண்ணுக்குத் தண்ணீர் ஓடிய வாய்க்கால் இன்று ஒரு கண்ணுக்குள் ஒதுங்கிவிட்டது என்றால், மீதி மூன்று கண் என்ன ஆனது என்று கேட்க ஒரு பிடி கிடைக்கிறது.

சரி, வீட்டில் படம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்காதீர்கள். பசை போட்டு ஒட்டிய படம் பிய்க்கும்போது கிழியும். ஆல்பத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். செல்போனில் எடுப்பதானால் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுத்து வையுங்கள். ஸ்டுடியோ முத்திரை, தேதி, யாருக்கு அனுப்பியது என்ற குறிப்பு அங்கேதான் இருக்கும். நெகட்டிவ் கிடைத்தால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, தூணில் இருக்கும் எழுத்து அழிந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

அதைவிட அவசரமானது, படத்தில் உள்ள இடத்தை அடையாளம் சொல்லக்கூடிய நன்னா, நன்னியிடம் கேட்டு எழுதுவது. எந்த ஆறு, எந்த ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம், எந்த ஆண்டு வாக்கில், எடுத்தவர் யார். நான்கு வரி போதும். ஆண்டு தெரியாவிட்டால், கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடியபோதா, கரி எஞ்சின் காலத்திலா, பெரிய பிள்ளையின் கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டால் தானாக வந்துவிடும். படத்தின் மேல் பேனாவால் எழுத வேண்டாம். பின்பக்கம் பென்சிலால் மெல்ல எழுதலாம், அல்லது தனித்தாளில் எழுதிக் கூடவே வைக்கலாம்.

வீட்டுப் பெண்கள் இருக்கும் படத்தை வெளியே கொடுக்கத் தயக்கம் இருக்கும். நியாயமான தயக்கம். பிரதியில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் பாலமும் ஆறும் தெரியும் பகுதியை மட்டும் கொடுத்தால் போதும். மூலம் வீட்டிலேயே இருக்கட்டும். வெட்டியது என்று குறிப்பிட்டுவிட்டால் பிறகு ஆராய்பவருக்குக் குழப்பம் வராது.

கொடுக்க இடங்களும் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு டிஜிட்டலாக்கியிருக்கிறது. திருச்சியில் 2014-ல் திறக்கப்பட்ட ரயில்வே பாரம்பரிய மையம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்பு, ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ ஜமாஅத் நூலகத்திலோ ஒரு பிரதி இருப்பதுதான் என் பார்வையில் முக்கியம். வடிகால் பிரச்சினை வரும்போது புதுச்சேரிக்கு யாரும் ஓடப்போவதில்லை.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய படத்தையும் இன்றைய காட்சியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை வரும். நல்ல ஆசைதான். அதற்காகத் தண்டவாளத்தில் ஏறாதீர்கள். அனுமதியின்றி ரயில் பாதையில் நுழைவது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம். பாலத்தின் மேல் வண்டி வந்தால் ஒதுங்க இடமும் இருக்காது. பெரும்பாலான இடங்களில் கொஞ்சம் தள்ளியே சாலைப் பாலம் இருக்கிறது. அங்கே நின்று, பழைய படத்தில் எத்தனை கண் என்று எண்ணிக்கொண்டு, ஆற்றின் இரு கரையும் தெரியும்படி எடுங்கள். ஆள் இல்லாமல் ஒன்று, அளவு தெரிய ஆளை நிறுத்தி ஒன்று. எடுத்த தேதியையும், அன்று ஆற்றில் தண்ணீர் இருந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.